நியூசென்ஸ் கேஸ்

கையிலிருந்த குக்கரைத் தொட்டியில் ணங்கென்று போட்டாள் புஷ்பம்.

கூடத்தில் வீட்டுக்கார அம்மா மாளவிகா, டெலிபோனில் யாரோ சிநேகிதியிடம் அலுத்துக்கொண்டிருந்தாள். “ஆத்துல ஒரே நியூசென்ஸ்டி. எப்பதான் கிளம்புமோ!”

கிளம்புமாம். ஆடு மாட்டைச் சொல்வது மாதிரி.

ஐந்து வருஷமாக இந்த அபிராமபுரம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை. அவளுக்கா இந்தப் பட்டம்?

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாததா என்ன? போன சித்திரையில் புழுக்கம் தாங்காமல் பிளாட்பாரத்தில் படுத்திருந்த புருஷனை வண்டியில் அள்ளிப்போய் அந்தப் பெயரில்தான் கேஸ் போட்டார்கள். குடித்துவிட்டு நடுரோட்டில் உருளுகிறவனுக்கும், சுவரோரம் வேட்டியைத் தூக்குகிறவனுக்கும் போடுகிற கேஸ். செய்யாததைச் செய்தேன் என்று கோர்ட்டில் தலையாட்டிவிட்டு வந்தான் மனுஷன். இல்லையென்று சொன்னால் இழுத்தடிப்பார்களே!

இன்றோடு இந்த வீட்டு வேலைக்கு ஒரு கும்பிடு. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“இன்னாம்மா, நான் குடிச்சிட்டு ரோட்ல உருண்டேனா? உன் சுவத்துல ஒதுங்கினேனா? இன்னாத்துக்கு என்னிய நியூசென்ஸுன்ற?”

மாளவிகா சட்டென்று ரிசீவரை வைத்தாள். உன்னைச் சொல்லவில்லை என்றாள்.

“அப்போ யாரை? ஊட்ல கீறதே மூணு பேரு!”

கேட்டு முடித்த பிறகுதான் புஷ்பம் அந்த மூன்றாவது ஆளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலோரம் மாளவிகாவின் மாமனார் வேம்பு. சம்சாரம் போனபின் திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளையிடம் வந்தவர். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பேப்பர் நடுங்கிக்கொண்டிருந்தது.

மாளவிகா தரையைப் பார்த்தாள்.

“உன்னைத்தாம்மா சொன்னா. கோச்சுக்காதே,” என்றார் வேம்பு, பேப்பரை இறக்காமலே.

புஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாளவிகாவை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயெடுத்தாள். பெரியவரின் விரல்கள் கண்ணில் பட்டன. கோர்ட்டில் புருஷன் ஆட்டிய மாதிரியே தலையை ஆட்டினாள்.

“ஆமா தாத்தா. என்னியத்தான்.”

அந்தக் குக்கர் அன்றைக்கு அவள் கையில் படாத பாடு பட்டது.