பச்சைக் கதவு

எங்கே பிழையாய்ச் சொல்லிவிடுவோமோ என்று கனகாம்பிகை ஒவ்வொரு சொல்லாய் யோசித்துப் பேசினாள்.

தன் வீட்டில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே இருந்த யோகலிங்கம் அண்ணை, லண்டனுக்கு வரமுன்பு பன்னிரண்டு வருஷம் சுவிஸில் இருந்தவர். சுவிஸ் கதை என்றால் லண்டனில் அவர்கள் இருக்கும் குட்மேய்ஸ் பகுதி முழுக்க அவரிடம்தான் கேட்கும்.

பக்கத்தில் மகள் ஜதுர்ஷிகா. அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று ஆசையாய்ச் சுவிஸுக்குப் பஸ் டூர் அனுப்பிவைத்தவள்.

மூன்று கோட்டை, இரண்டு மியூசியம். ஒன்றுக்குள்ளும் கனகாம்பிகை போகவில்லை. காதில் மாட்டிவிடும் இங்கிலிஷ் விளக்கம் விளங்காது, எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் சாப்பாட்டைப் பார்க்கிறன்" என்று இடியப்பப் பெட்டிகளோடு பஸ்ஸிலேயே இருந்துவிட்டாள்.

மகளுக்குத் தெரிந்தால் மனம் விட்டுப்போகும்.

"ஏரிக்கரைக் கோட்டைக்குப் போனனீங்களோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"படி எத்தினை?"

"கனக்க. முழங்கால் விட்டுப்போச்சு."

ஜதுர்ஷிகா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ராசா மண்டபத்திலை என்ன கண்டனீங்கள்?"

"ராசா இருந்த பெரிய கதிரை."

"பிறகு?"

மனிசன் விடமாட்டார் போல. இன்னொரு பொய் சொன்னால் பிடிபட்டுவிடும். கண்ணால் கண்டதைச் சொன்னால்தான் தப்பலாம்.

"கீழை சாப்பாட்டுக்கடை இருக்கெல்லோ? அதிலை சமைக்கிற குசினிக் கதவு, அண்ணை. பச்சை. வாசலிலை வெங்காய மூட்டை அடுக்கியிருந்தது."

தேத்தண்ணிக் கோப்பை அவர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"இன்னும் பச்சைதானோ?"

"ஓம். கீழ்ப்பக்கம் பெயின்ற் கழண்டுபோய்."

"திறக்கேக்கை சத்தம் போடுமே?"

"மத்தியானம் முழுக்க அந்தக் கிரீச்தான்."

அவர் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அம்மா சொல்றதெல்லாம் கரெக்டா, அங்கிள்?" ஜதுர்ஷிகா கேட்டாள்.

"ஒண்டும் பிழையில்லை, பிள்ளை. வடிவாய்ப் பார்த்திருக்கிறா."

மகள் காரை எடுக்கப் போனாள். வாசலில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்தக் கதவு பஸ், கார் நிப்பாட்டிற இடத்திலை நிண்டால்தான் தெரியும்."

ஒரு காலில் செருப்போடு கனகாம்பிகை அப்படியே நின்றுவிட்டாள்.

"பயப்பிடாதேங்கோ. பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவுக்குள்ளைதான் கோப்பை கழுவினனான். கோட்டைக்குள்ளை நானும் போனதில்லை."