தாமஸின் பிறந்த ஊர்

பட்டாளத்தில் சேரும்படி மகன் சசிகுமாருக்கு ஆணை வந்துவிட்டது. ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் குடியிருந்த நீலாம்பாளுக்கு எஞ்சிய ஒரே பற்றுக்கோடு, காலமான அவளுடைய ஆங்கிலேயத் தகப்பனார் தாமஸ். அவர் இங்கிலாந்தில் பிறந்தது உறுதியானால் மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிடலாம். லண்டனிலிருந்த சித்தி மகள் கலா, அவர் பிறந்ததாகச் சொன்ன கிராமத்துக்கே போய்ப் பழைய பதிவுகளைத் தேடினாள்.

கைப்பேசி ஒலித்தது.

“அக்கா, சர்ச் பதிவில தாமஸ் ஞானஸ்நானம் இருக்கு. நிலவரிப் பதிவில அவங்கப்பா பண்ணையும் இருக்கு!”

அஞ்சேல் என்று கைகாட்டும் காளியம்மன் படத்தை நோக்கி நீலாம்பாள் கைகூப்பினாள்.

“என் நிறத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் பேரன்னு எவன் நம்புவான், அமே?” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான் சசி.

கலா சிரிக்கவில்லை. “அடக்கப் பதிவும் இருக்குக்கா. அந்தத் தாமஸ் மூணு வயசிலேயே செத்துட்டான்.”

“அப்போ எங்கப்பா யாருடி?”

“பக்கத்துப் பண்ணைக்காரர் மகன்னு இங்க பாதிரியார் சொல்றாரு. அவர் கொடுத்த படத்தை அனுப்பியிருக்கேன், பாருங்க.”

அப்பாவின் முகமேதான். ஆனால் அவர் விட்டுச்சென்ற காகிதமெல்லாம் இறந்த குழந்தையின் பெயரில் இருந்தன. இனி அவை எங்கும் செல்லா.

“பாவி மனுஷன்! செத்த பிள்ளை பேரை எதுக்கு எடுத்துக்கிட்டாரு?” என்று அலறினாள் நீலாம்பாள்.

“இங்க அப்போ கட்டாயப் பட்டாளமாம், அக்கா. உயிர் பிழைக்க ரங்கூனுக்குக் கப்பலேறிட்டாராம்.”