பத்து நிமிட மௌனம்

"இந்தப் பத்து நிமிஷம் மட்டும் வாயைத் திறக்காம இருடி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் என்ன உன் நாணல்குருவியா, வாயைத் திறக்காம இருக்க?" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ, சும்மா சொன்னேன்க்கா."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சதுப்பு நிலத்தில் பதினான்காவது இடம் அது. கடைசி இடம். விடிந்ததிலிருந்து பதின்மூன்று இடங்களில் பத்துப் பத்து நிமிடம் தனியாக நின்று பூஜ்யம் எழுதிவிட்டு வந்திருந்தாள். துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிய தங்கை, அதுவரை கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினாள்.

நாணல்குருவி லேசில் கண்ணில் படாது. புதருக்குள்ளேயே பிறந்து புதருக்குள்ளேயே சாகிற பிறவி. குரலை வைத்துத்தான் கணக்கு. ஆராய்ச்சி உதவியாளராக அவள் சேர்ந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டு குரல்கள். அப்புறம் எண்பது, ஐம்பத்து மூன்று, இருபது. போன வருடம் இரண்டு. பத்தொன்பது வருடமாக ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது போல இருந்தது அவளுக்கு.

"ஒண்ணே ஒண்ணு கத்தினாக்கூடப் போதுமாக்கா?"

"போதும். புதுசா போடப்போற ரோடு இதைச் சுத்திக்கிட்டுப் போகும். இல்லேன்னா இதுக்கு நடுவுலயே போகும். மத்தியானம் அதை முடிவு பண்ணக் கூட்டம். பேராசிரியர் என் கணக்குக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்."

"அப்ப ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயேன். எந்தக் குருவி வந்து சாட்சி சொல்லப் போகுது?"

"கேக்காததைக் கேட்டதா நான் ஒரு நாளும் எழுதினதில்லைடி. இன்னைக்குப் பொய் எழுதினா, அதுங்க இருந்ததும் பொய்னு ஆயிடும்."

"பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு" என்று முனகிவிட்டு, தங்கை உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

அக்கா கண்களை மூடினாள். காற்று நாணலை உரசியது. தூரத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. எங்கோ ஒரு காகம். அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்நேரத்துக்கு இங்கே கீச்சுக் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எண்ண விடாமல் திணறடிக்கும். அம்மா போன அன்றுகூட இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டில் அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். இதுகளுக்கு அழ அவள் ஒருத்திதான். அவளுக்கும் அழுகை வரவில்லை.

பத்து நிமிடம் முடிந்தது. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்துவிட்டது: 'உங்கள் காதுக்கே கேட்கவில்லை என்றால் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். முடித்துவிடலாம்.'

"இப்பப் பேசலாமா?" என்றாள் தங்கை.

"பேசு. இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசு."

"அப்பாடா! இந்த இரைச்சல்ல எப்படிக்கா கண்ணை மூடிக்கிட்டு அசையாம நிக்கிறே? எனக்குக் காதைத் துளைச்சு எடுத்துடுச்சு. அதோ, அது என்ன குருவி, அந்தக் கத்துக் கத்துது?"

அக்கா திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில், நாணல் நுனியில், வெள்ளைப் புருவத்தோடு ஒரு நாணல்குருவி ஆடிக்கொண்டிருந்தது. அலகு அகலத் திறந்திருந்தது. தொண்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

சத்தம்தான் வரவில்லை.