இருபுறமும் திறக்கும் அலமாரி

போதகர் குடியிருக்கும் வீடான குருமனையின் வரைபடத்தை விரித்ததுமே கட்டடக் கலைஞர் பெல்லுக்கும் போதகர் தோரல்டுக்கும் தகராறு வந்துவிட்டது.

"படிப்பறைய ஒட்டியே சமையலறையா? நீங்க பிரசங்கம் எழுதும்போது வாத்து வறுக்கிற வாசனை வருமே ஐயா!"

"வரட்டுமே. நடுச்சுவர்ல ஒரு அலமாரியும் வேணும். ரெண்டு பக்கமும் கதவு திறக்கணும்."

"எதுக்கு?"

"சமையல்காரம்மா அந்தப் பக்கம் வைப்பாங்க. நான் இந்தப் பக்கம் எடுப்பேன்."

பெல் அவருடைய தொப்பையைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டம்மாவுக்குத் தெரியாமலா? பிஷப் கேட்டா என்ன சொல்ல?"

"எனக்குப் பசி அதிகம்னு சொல்லுங்க. அலமாரி இல்லேன்னா எனக்கு இந்த வீடே வேண்டாம்."

பிஷப்பும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். தோரல்டுக்குத் 'தீனிப் போதகர்' என்று பெயர் நிலைத்தது.

குளிர்காலத்தில் பெல், கட்டி முடிந்த வீட்டைப் பார்வையிட வந்தார். சமையல்காரம்மா சூடான ரொட்டியையும் பன்றிக்கறியையும் அலமாரிக்குள் வைத்தாள்.

"ஐயா காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரா?" என்றார் பெல்.

"ஐயாவுக்கு இல்லைங்க. விதவை லன் ஜெபத்துக்கு வந்திருக்காங்க. வீட்டுல நாலு பிள்ளைங்க. சாப்பாட்டுக்குன்னு என் வாசல்ல வந்து நின்னா ஊர் பார்க்கும். பட்டினி கிடந்தாலும் வரமாட்டாங்க. ஜெபத்துக்கு வர்றதுல என்ன வெட்கம்?"

பெல் ஜன்னல் வழியே பார்த்தார். படிப்பறையின் தனிவாசலிலிருந்து லன் வெளியே வந்தாள். வேதாகமப் பை புடைத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது.

அடுத்த ஊர்க் குருமனையின் வரைபடத்தைப் பார்த்த இளம் போதகர் திகைத்தார். "இந்த அலமாரி எதுக்கு? நான் கேக்கலையே!"

"இருக்கட்டும் ஐயா," என்றார் பெல். "போதகர்களுக்குப் பசி அதிகம்."