வலிக்காத பல்

பனியன் கம்பெனியில் சேருகிற அன்றே எல்லோருக்கும் பல் நரம்பை அணைத்துவிடுவார்கள். அதன்பிறகு பல்வலி என்று யாரும் லீவு கேட்க முடியாது. ஆனால் பல் சொத்தையாவது நிற்கவில்லை. அதனால் லைன் வீடுகளில் ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்து பார்ப்பார்கள். சொத்தை உள்ளே இறங்கிவிட்டால் நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும்.

செல்வநாயகிக்கு இரண்டு வாரமாகச் சளி. மூக்கில் எதுவுமே ஏறவில்லை. அதைச் சொன்னால் கணவன் பொன்னுச்சாமி பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் வாயைத் திறப்பான். அது பிடிக்காமல், இரண்டு ஞாயிறும் முகர்வதுபோல முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மூன்றாம் வாரம் அவனுக்குத் தாடை வீங்கி மூச்சு முட்டியது. கடைவாய்ப் பல்லுக்குள் இருந்த சதை அழுகி, சீழ் கழுத்துக்குள் இறங்கியிருந்தது.

"எத்தன நாளா வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"வலிக்கவே இல்லீங்களே" என்றாள்.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனவள், கம்பெனி நர்ஸிடம் தன் பல்லுக்கு வலியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாள்.

"அணைச்சத மறுக்காப் போட முடியாதுங்க்கா."

ஞாயிறு காலை பல் விளக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சளி முழுதாக விட்டிருந்தது. பக்கத்தில் கிடந்த அவன் தலையணையின் நாற்றம் இப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது.