பால் கறை

மனைவி செண்பகம் இறந்த நாளிலிருந்து, அவள் கடைசியாகக் கழற்றிப்போட்ட நைட்டியைத் தோளில் போர்த்திக்கொண்டால்தான் தணிகாசலத்திடம் ஐந்து மாதக் குழந்தை புட்டிப்பால் குடித்தது. முகத்தை அதில் புதைத்துக்கொள்ளும். அப்புறம்தான் வாயைத் திறக்கும். இன்று பதினாறாம் நாள் காரியம். விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்ட அக்கா, துணிகளையெல்லாம் சோப்புப்பொடியில் ஊறவைத்து அலசிக் கொடியில் போட்டிருந்தாள்.

"அதையுமாக்கா தொவச்சிட்ட?"

"பின்ன, தீட்டோடயா வச்சிருப்பாங்க? ஒரே பால் கறை வேற. எவ்ளோ தேச்சேன் தெரியுமா?"

அவன் ஈரம் சொட்டச் சொட்ட அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீறிட்ட குழந்தையைத் தூக்கினான். அது அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைப் புதைத்தது. ஒரு தோளில் தேடியது. மறு தோளில் தேடியது. பிறகு நிமிர்ந்து, யாரோ என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தது.