டேப்பின் இரண்டு முனைகள்

வீட்டுக்கு விலை போட வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் உதவிக்கு ஆள் இல்லாமல் வந்திருக்கிறார். அதனால் விவாகரத்தான இருவரும் அவருக்காகக் கூடத்தை அளக்கிறார்கள். இரும்பு டேப்பின் கூடு அவள் கையில் இருக்கிறது. இழுத்த நுனியோடு அவன் எதிர்ச் சுவரருகே நிற்கிறான். தான் பாதிக் கடன் கட்டுகிற வீட்டுக்குள் அழைப்பு மணி அடித்துவிட்டுத்தான் வந்தான். செருப்பில் ஒன்றை மட்டும் கழற்றியிருக்கிறான். ஜன்னல் வெயில் டேப்பில் பட்டுக் கூரையில் நடுங்குகிறது. அவர்களுடைய சின்ன மகள் டேப்புக்கு அடியில் குனிந்து குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறாள். “இழுத்துப் பிடிங்க சார், தொய்யுது,” என்கிறார் மதிப்பீட்டாளர். “இவருக்கு எதையும் உருப்படியாப் பிடிக்கத் தெரியாது,” என்கிறாள் அவள். அவர் இருமிக்கொள்கிறார். “மேடம், நான் போடுற விலை உங்க கடனுக்கு எட்டாது. கடன்லேருந்து சார் பேரை எடுக்க பேங்க் ஒத்துக்காது. கடன் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கட்டணும்.” மின்விசிறி கறகறக்கிறது. “அளந்தாச்சு, சுருட்டிடலாம்,” என்கிறார். டேப் பதமாகச் சுருள வேண்டுமென்றால், அவன் நுனியைப் பிடித்தபடியே அவள் வரைக்கும் நடந்து வர வேண்டும். “விட்டுடாதீங்க, விர்ருனு சுருண்டு வந்து கையை வெட்டிடும். பிடிச்சுக்கிட்டே வாங்க,” என்கிறாள் அவள். “வாங்கப்பா!” என்று மகள் டேப்புக்கு அடியிலிருந்து அதை ஒட்டியே நிமிர்கிறாள். அவன் மனைவியாக இருந்தவளை மட்டும் பார்க்கிறான். நுனியைப் பிடித்திருந்த விரல்களை விரிக்கிறான்.